மண் போட்டு மூடிய போர், மூடியபடியே இருக்கிறதா?

தோட்டத்து வீடுகளைச் சுற்றி மறைந்திருக்கும் பழைய ஆழ்துளைக் கிணறுகளையும், தூர்த்த கிணறுகளையும் மழைக்காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலையில் மாட்டுக்குத் தீவனம் எடுக்கப் போகும்போது களத்து ஓரத்தில் ஒரு பள்ளம் தெரிகிறது. ஒரு முறம் அளவுதான் இருக்கும். பெருச்சாளி பறித்திருக்கும் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு சட்டி மண்ணைக் கொட்டி, காலால் மிதித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடியும் இறங்குகிறது. சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளி ஊர்களில் தோட்டத்துக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. பத்து வருடத்துக்கு முன்பு தண்ணீர் வராமல் கைவிட்ட போர் அந்த இடத்தில்தான் இருந்தது என்பது மட்டும் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

நினைவுக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை நான்கு நாள் தொலைக்காட்சியில் பார்த்தது. 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் வீட்டை ஒட்டிய சொந்த நிலத்தில் விளையாடிக்கொண்டிருந்த 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. அது யாரோ திறந்து போட்டுவிட்டுப் போன குழி அல்ல. தண்ணீர் கிடைக்காததால் சில வருடங்களுக்கு முன்பே அந்தக் குடும்பம் மண் போட்டு மூடிய போர். அந்த நிலத்தில் மக்காச்சோளம் நின்றுகொண்டிருந்தது. மழைக்கு உள்ளே போட்ட மண் இறங்கி, மேலே வாய் திறந்திருக்கிறது. முதலில் 30 அடிக்குள் சிக்கியிருந்த குழந்தை, மீட்பு வேலை நடக்கும்போதே 88 அடி வரை கீழே போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிப் பக்கவாட்டில் போய் எடுக்கப் பார்த்தார்கள். பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தன. பாறை விடவில்லை. நடுவில் தீபாவளியும் வந்து போனது. 29-ஆம் தேதி அதிகாலை, 80 மணி நேரத்துக்கும் மேல் கழித்து உடலைத்தான் எடுக்க முடிந்தது. பிறகு அந்தக் குழியைக் கான்கிரீட் கொட்டி மூடினார்கள்.

அந்த வீட்டார் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நம் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போரை எப்படி மூடுகிறார்களோ அப்படித்தான் அவர்களும் மூடியிருந்தார்கள். அந்த முறையில்தான் கோளாறு.

நம் பகுதிக்கு இது ஏன் கூடுதல் கவலை?

இந்தியா முழுவதும் ஓடும் போர் வண்டிகளில் பெரும்பங்கு திருச்செங்கோட்டிலிருந்து கிளம்புபவை. கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்கே போனாலும் நம் ஊர் வண்டியைப் பார்க்கலாம். ஊரிலேயே வண்டி நிற்பதால், வேறு எந்தப் பகுதி விவசாயியையும்விட நம் விவசாயி சுலபமாகப் போர் போட்டுவிடுகிறார். ஆனால் பூமி அப்படி இணக்கமாக இல்லை. ராசிபுரம், மல்லசமுத்திரம், சங்ககிரி, ஓமலூர், வாழப்பாடி என்று எங்கே தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் கருங்கல் வந்துவிடும். மேலே உள்ள மண், அதற்குக் கீழே உள்ள சிதைந்த பாறை, அதற்கும் கீழே பாறையில் அங்கங்கே ஓடும் வெடிப்பு, இவற்றில்தான் தண்ணீர். வெடிப்பு மாட்டினால் போர் ஓடும். மாட்டாவிட்டால் ஆயிரம் அடி போனாலும் வெறும் தூள்தான் பறக்கும். அதனால் ஓடுகிற போர் ஒன்று இருக்கும் தோட்டத்தில், ஓடாத போர் இரண்டு மூன்று இருப்பது சாதாரணம்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்ததே, அந்தச் சமயத்தில் தென்னையையும் பாக்கையும் காப்பாற்ற இரவு பகலாகப் போர் போட்டார்கள். தண்ணீர் வராதவற்றை அவசரத்தில் மூடினார்கள். அப்படி மூடிய போர்களில் எத்தனையோ இன்று வீட்டு வாசலிலும், மாட்டுக் கொட்டகை ஓரத்திலும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் களத்திலும் இருக்கின்றன. தோட்டம் சுருங்கி வீடு பெருகியதில், அப்போது வரப்போரமாக இருந்த இடம் இப்போது வாசலாகிவிட்டது.

போட்ட மண் எங்கே போகிறது?

போர் போடும்போது மேலே மண் சரியும் பகுதியில் கேசிங் பைப் இறக்குவார்கள். கெட்டிப் பாறை வந்ததும் கேசிங் நின்றுவிடும். அதற்குக் கீழே பாறையே சுவர். கேசிங் உள்ளே இறங்க வேண்டும் என்பதால் மேல்பகுதியை மட்டும் அகலமாகத் துளைப்பார்கள். தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் விவசாயி முதலில் செய்யும் வேலை, கேசிங் பைப்பை உருவிக்கொள்வது. அடுத்த போருக்கு ஆகுமே என்ற கணக்கு. பைப் வெளியே வந்ததும் அகலமான மேல்துளையில் மண்ணைத் தாங்க ஒன்றுமில்லை. ஓரங்கள் மழைக்கு மழை சரிந்து, வாய் இன்னும் அகலமாகிறது. ஆறரை அங்குலக் குழிக்குள் குழந்தை எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் உண்டு. தலை நுழைந்து, கைகள் மேலே போய்விட்டால் சின்னக் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும். கேசிங் உருவிய குழியோ ஆறரை அங்குலத்தோடு நிற்பதும் இல்லை.

அடுத்தது நிரப்புகிற விதம். கையில் கிடைத்ததைப் போடுவதுதான் வழக்கம்: வேலிமுள், தென்னை மட்டை, கிழிந்த உரச்சாக்கு, அதன்மேல் நாலு கூடை மண். சாக்கும் மட்டையும் 10 அடியிலோ 20 அடியிலோ குறுக்கே சிக்கி நின்றுகொள்ளும். மேலே போடும் மண் அதன்மேல் உட்காரும். பார்க்கிறவர் கண்ணுக்குக் குழி நிறைந்துவிட்டது. அதற்குக் கீழே ஐந்நூறு அடியோ எட்டுநூறு அடியோ காலியாகவே இருக்கிறது. மட்டை மக்கும், சாக்கு இற்றுப்போகும். மழைத்தண்ணீர் மண்ணை நனைத்து எடையை ஏற்றும். ஒருநாள் அந்த அடைப்பு விட்டுவிடும். அது அடுத்த வருடமும் நடக்கலாம், எட்டு வருடம் கழித்தும் நடக்கலாம். சாக்கு இல்லாமல் வெறும் ஈரமண்ணை வேகமாகக் கொட்டினாலும் இதே கதைதான். களிமண் கட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குறுக்கே நின்றுவிடும்.

நம் போர் உண்மையிலேயே நிரம்பியதா, வாய் மட்டும் அடைபட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். ஆறரை அங்குலக் குழிக்கு 100 அடி ஆழத்துக்கு ஏறக்குறைய 23 கன அடி மண் பிடிக்கும். 600 அடிப் போருக்கு 138 கன அடி. 1,000 அடிப் போருக்கு 230 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக 600 அடிப் போர் நிரம்ப ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். சட்டிக் கணக்கில் நானூறு சட்டிக்குக் குறையாது. நீங்கள் மூடியபோது எத்தனை போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். “இருபது சட்டியில் நிறைஞ்சிடுச்சு” என்பது பதிலானால், அந்தப் போர் இன்னும் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

இடம் தெரிந்த போர் பாதிக் கவலைதான். அப்பா காலத்தில் போட்டது, பங்காளி காலத்தில் போட்டது, வாங்கிய நிலத்தில் முந்தைய உரிமையாளர் போட்டது, இவைதான் சிக்கல். முதல் வேலை, வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நிலத்தை ஒருமுறை சுற்றி வருவது. எந்த வருடம் எந்த மூலையில் வண்டி நின்றது என்பது பெண்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வண்டி ஆட்களுக்கு ராத்திரி முழுக்கச் சோறும் டீயும் கொடுத்தவர்கள் அவர்கள்தானே.

நிலமும் சில அடையாளம் காட்டும். போர் போட்ட இடத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பாறைத்தூள் கொட்டிக் கெட்டியாகக் கிடக்கும். மேலே மண் மூடியிருந்தாலும் அரை அடி கொத்தினால் தெரியும். மழை பெய்யும்போது சுற்றியுள்ள தரையில் தண்ணீர் தேங்க, ஓரிடத்தில் மட்டும் தேங்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தட்டுப் போல வட்டமாக அமிழ்ந்த தரை, நடுவில் விரல்விடும் அளவு துளை, தண்ணீர் இறங்கும்போது வரும் குமிழி, இவையும் அறிகுறிகள். உழவு ஓட்டும்போது டிராக்டர் சக்கரம் ஓரிடத்தில் திடீரென்று அமுங்கினால், ஓட்டுநர் அதை வீட்டில் சொல்ல வேண்டும்.

சந்தேகமான இடத்தில் நேராகப் போய் நின்று கடப்பாறை போடக்கூடாது. நீளமான பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றை இன்னொருவர் தள்ளி நின்று பிடித்துக்கொள்ள, பலகைமேல் இருந்துதான் குத்திப் பார்க்க வேண்டும். பள்ளம் இறங்கிய அன்றே நாலு பக்கமும் குச்சி நட்டு முள் போட்டு அடைத்துவிடுங்கள். ஆடு மாட்டையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.

சரியாக மூடும் முறை

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2006 ஜூலையில் ஹரியானா மாநிலம் குருக்ஷேத்திரம் அருகே குழிக்குள் விழுந்த 5 வயதுச் சிறுவனை ஏறக்குறைய 50 மணி நேரம் கழித்து ராணுவத்தினர் உயிரோடு மீட்டதை நாடே பார்த்தது. அதன் பிறகும் விபத்துகள் தொடர்ந்ததால், 2009-ல் இதை ஒரு வழக்காகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டு, 2010 பிப்ரவரி 11-ஆம் தேதி வழிமுறைகளைப் பிறப்பித்தது. அதே வருடம் ஆகஸ்டில் திருத்தியது. போர் போடுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தகவல் கொடுக்க வேண்டும். போர் வண்டி நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை நடக்கும்போது வேலியும், உரிமையாளர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் எழுதிய பலகையும் இருக்க வேண்டும். கேசிங் பைப்பைச் சுற்றி, தரைக்கு மேல் 30 செ.மீ., கீழ் 30 செ.மீ. இருக்கும்படி கான்கிரீட் மேடை கட்ட வேண்டும். பைப்பின் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தோ, போல்ட் போட்ட மூடியாலோ அடைக்க வேண்டும். மோட்டார் பழுதுக்காகக் கழற்றினாலும் திறந்து போடக்கூடாது. கைவிட்ட போரைக் களிமண், மணல், கல், கூழாங்கல், போர்த்தூள் ஆகியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும்.

கிராமங்களில் இதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஊராட்சித் தலைவருக்கும் வேளாண்துறை அலுவலருக்கும் என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. இந்த வரியை இன்னும் கொஞ்சம் பேர் படித்திருக்கலாம். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதிகளுக்கென்று 2015-ல் தனி விதிகளும் வந்துவிட்டன. அனுமதி வாங்காமல் போர் போடுவது சட்டப்படி குற்றம்.

நடைமுறையில் என்ன செய்வது? கேசிங் இன்னும் உள்ளே இருந்தால் அதை உருவாதீர்கள். வேறு எதைச் சொன்னாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பைப்பை ஒரு அடி உயரம் வெளியே விட்டு, வாயில் தகடு வைத்து அடைத்து, சுற்றி மேடை கட்டிவிட்டால் அந்தப் போர் யாரையும் விழுங்காது. பி.வி.சி. பைப்பாக இருந்தால் கெட்டியான மூடியை ஸ்குரூ போட்டு முடுக்கி, மேலே கான்கிரீட் வைக்கலாம். வாயில் கல்லைத் தூக்கி வைப்பதும் சாக்கைக் கட்டுவதும் மூடியாகாது. விளையாடும் பிள்ளைகள் முதலில் நகர்த்துவதே அந்தக் கல்லைத்தான்.

கேசிங் போய்விட்ட போரை நிரப்பத்தான் வேண்டும். ஏற்கெனவே சாக்கு, மட்டை சிக்கியிருந்தால் அதன்மேல் மறுபடி மண் கொட்டிப் பயனில்லை. போர் வண்டிக்காரர்களிடமோ, போருக்குள் சிக்கிய மோட்டாரை எடுத்துக் கொடுக்கும் ஆட்களிடமோ சொல்லி, அடைப்பை உடைத்துக் கீழே தள்ளிவிட்ட பிறகே நிரப்ப வேண்டும். இதைக் கடப்பாறை கட்டிய கயிற்றோடு வீட்டு ஆட்களே செய்து பார்ப்பது ஆபத்து. வாய் ஓரம் சரிந்து ஆளே இறங்கிவிடலாம். நிரப்புவதற்கு ஈரமில்லாத போர்த்தூளோ, கூழாங்கல்லோ, சின்ன ஜல்லியோ நல்லது. சட்டி சட்டியாக, நிதானமாக, கணக்கு வைத்துப் போட வேண்டும். கணக்குப்படி பாதிதான் போயிருக்கிறது, ஆனால் குழி நிறைந்துவிட்டது என்றால் நடுவில் சிக்கியிருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். மேலே கடைசி 10, 15 அடிக்குக் களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்து நிரப்பி, அதன்மேல் குழியைவிட நன்றாக அகலமாக, மூன்றடிக்கு மூன்றடியாவது, கம்பி கட்டிய கான்கிரீட் பலகை போடலாம். இரண்டு மழைக்காலம் போகும்வரை ஓரங்களைக் கவனித்து வர வேண்டும்.

பலரும் கேட்கும் ஒரு கேள்வி: “தண்ணியில்லாத போர்தானே, குளியலறைத் தண்ணியையும் செப்டிக் டேங்க் தண்ணியையும் அதுல விட்டுட்டா என்ன?” கூடவே கூடாது. உங்கள் போரில் தண்ணீர் கிடைக்காவிட்டாலும், அதிலுள்ள சின்னச் சின்ன வெடிப்பு பக்கத்துத் தோட்டத்துப் போரின் வெடிப்போடு சேர்ந்திருக்கலாம். மேலே மண்ணில் ஊறி வடிகட்டப்படும் கழிவு, போருக்குள் விட்டால் வடிகட்டாமலே நேரே நிலத்தடி நீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பது பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். காலி மருந்து டப்பாக்களைப் பழைய போரில் போடும் பழக்கத்துக்கும் இதே பதில்தான்.

இன்னொரு கேள்வி, மழைநீரை விடலாமா என்பது. நடுக்காட்டுப்பட்டிச் சம்பவத்துக்குப் பிறகு அரசே அந்த வழியைப் பரிந்துரைத்தது. கேசிங் நல்ல நிலையில் இருக்கும் போருக்கு இது பொருந்தும். கூரைத் தண்ணீர் நல்ல தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டர் கிடைக்கும். போரைச் சுற்றித் தொட்டி எடுத்து, அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் போட்டு, தொட்டிக்குள் இருக்கும் கேசிங் பகுதியில் துளையிட்டு வலை சுற்றிவிட்டால் தண்ணீர் வடிந்து இறங்கும். ஆனால் கேசிங்கின் வாய் அப்போதும் மூடியேதான் இருக்க வேண்டும். வயலில் ஓடிவரும் தண்ணீரையும், கோழிப்பண்ணை, மாட்டுக் கொட்டகைப் பக்கத்துத் தண்ணீரையும் அதில் சேர்க்காதீர்கள்.

வீட்டுக்கு அடியில் கிணறு

போர் வருவதற்கு முன்னால் நம் பகுதியில் எல்லாத் தோட்டத்திலும் கிணறுதான். கமலை ஓட்டிய கிணறுகள் போர் வந்த பிறகு வற்றின. நிலம் மனையாக மாறும்போது முதலில் தூர்க்கப்படுவது அந்தக் கிணறு. 30 அடிக்கு 30 அடி, 50 அடி ஆழம் உள்ள ஒரு கிணற்றைத் தூர்க்க 45,000 கன அடி மண் வேண்டும். அதாவது 450 யூனிட். அவ்வளவு நல்ல மண்ணை யார் காசு கொடுத்து வாங்கிப் போடுவார்கள்? இடித்த வீட்டுச் செங்கல், குப்பை, மரத்தூர், மரவள்ளிக் குச்சி என்று எல்லாம் போய், மேலே இரண்டடிக்குச் செம்மண் போட்டால் மனை தயார். உள்ளே போட்டது நூற்றுக்கு ஐந்து பங்கு அமிழ்ந்தாலே இரண்டரை அடி இறங்கும்.

வீடு முழுவதும் அந்த இடத்தில் இருந்தால்கூடச் சேர்ந்து இறங்கும் என்று ஆறுதல் சொல்லலாம். பாதி வீடு கிணற்று மண்மேலும் பாதி வீடு கெட்டிப் பாறைமேலும் உட்காரும்போதுதான் சுவர் பிளக்கிறது. இந்த வெடிப்பு பூச்சில் வரும் மயிர்க்கோடு போல இருக்காது. ஜன்னல் மூலையிலிருந்தோ நிலை மூலையிலிருந்தோ சாய்வாக ஏறும். ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை அகலமாகவும் இருக்கும். கதவு திடீரென்று நிலையில் பிடிக்கும். தரையில் ஒரு பகுதியைத் தட்டினால் ‘டொக்’ என்று காலியாக ஒலிக்கும். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமென்ட் பூசி மறைத்துவிடுவது நம் வழக்கம். அதற்கு முன் வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். ஒரு மழைக்காலம் போய்க் கண்ணாடி உடைந்திருந்தால் அஸ்திவாரம் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்போது பூச்சுவேலை உதவாது. கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழாமல் பைப் வைத்துத் திருப்பிவிடுங்கள். அந்த இடத்தில் உறிஞ்சு குழியோ தண்ணீர்த் தொட்டியோ எடுக்க வேண்டாம்.

பழைய வீடுகளில் இன்னொரு வகை உண்டு. வீட்டுக் கிணற்றைத் தூர்க்காமல் கான்கிரீட் பலகை போட்டு மூடி, அதன்மேலேயே துணி துவைக்கும் இடமோ குளியலறையோ கட்டிவிட்டிருப்பார்கள். கீழிருந்து வரும் ஈரத்தில் பலகையின் அடிக்கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பத்தையாக உதிர்ந்துகொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தப் பலகைமேல் வாஷிங் மெஷினும் தண்ணீர் டிரம்மும் ஏற்றும் முன் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். திறந்து பார்க்கும்போது ஆள் உள்ளே இறங்க வேண்டாம். வருடக்கணக்கில் மூடிக்கிடந்த கிணற்றில் மூச்சுவிடக் காற்று இருக்காது. இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் நிறைய.

குழந்தை விழுந்துவிட்டால்

முதல் நிமிடத்தில் 112 அல்லது தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. கூட்டத்தைக் குழியின் ஓரத்துக்கு வரவிடாதீர்கள். ஓரம் சரிந்தால் மண் குழந்தையின் தலைமேல்தான் விழும். டிராக்டர், ஜே.சி.பி. எதையும் பக்கத்தில் ஓட்டாதீர்கள். அதிர்வில் குழந்தை கீழே நழுவும். அம்மாவோ அப்பாவோ மட்டும் பலகைமேல் படுத்து, குழந்தையோடு பேசிக்கொண்டிருக்கலாம். கொக்கி, கயிறு போட்டு நாமே தூக்கிப் பார்க்க வேண்டாம். போரின் ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, கேசிங் இருக்கிறதா என்று வருகிறவர்களுக்குச் சொல்ல ஒருவர் தயாராக இருக்க வேண்டும். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கம் போருக்குள் விழுந்த 3 வயதுச் சிறுவனை, மதுரை மணிகண்டன் உருவாக்கிய ரோபோ கருவியால் உயிரோடு எடுத்தார்கள். எல்லாக் குழியிலும் அது நடக்கவில்லை.

நடுக்காட்டுப்பட்டி மீட்புப் பணி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தபோதே, தூத்துக்குடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் 2 வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்தது. போர் இல்லாத வீட்டிலும் தண்ணீர்த் தொட்டிக்கும் டிரம்முக்கும் மூடி வேண்டும்.

பத்திரத்தில் பாருங்கள், பத்திரத்தில் எழுதுங்கள்

நிலமோ மனையோ வாங்கும்போது நாம் வில்லங்கம் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோம். மூலப் பத்திரத்தையும் வாங்கி முழுவதும் படித்துப் பாருங்கள். நம் பகுதிப் பழைய பத்திரங்களில் ‘கிணற்றில் நாலில் ஒரு பாகம்’, ‘கிணற்றில் முறைப்படி தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம்’ என்று ஒரு வரி இருக்கும். பத்திரத்தில் கிணறு இருந்து நிலத்தில் கிணறு இல்லையென்றால், அது எங்கே போனது என்று கேளுங்கள். புலப்படத்தில் கிணறு குறித்திருக்கும். சர்வேயரை வைத்து அளந்தால் எந்த மனைக்குள் விழுகிறது என்று தெரியும். அந்த நிலத்தில் விவசாய மின் இணைப்பு இருந்திருந்தால், மோட்டார் எந்தக் கிணற்றில் இருந்தது என்று விசாரிக்கலாம். வீடு கட்ட அஸ்திவாரம் எடுக்கும் முன் நாலு மூலையிலும் நடுவிலும் குழி எடுத்துப் பார்க்கும் செலவு, மொத்தச் செலவில் ஒன்றுமே இல்லை.

விற்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போர் போட்ட வருடம், ஆழம், கேசிங் எத்தனை அடி, மூடிய தேதி, எந்த மூலையிலிருந்து எத்தனை அடி தூரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பட்டாவோடு சேர்த்து வையுங்கள். பங்கு பிரிக்கும்போதும் கிரயம் செய்யும்போதும் நான்கெல்லை எழுதும் இடத்தில், ‘தென்மேற்கு மூலைக் கல்லிலிருந்து கிழக்கே 40 அடியில் மூடிய போர் ஒன்று’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால், பத்திர எழுத்தர் அதற்குத் தனியாகக் காசு கேட்கப் போவதில்லை.